வாசகர் கேள்விகள்: முகம் தெரியாதவருக்கும் அதே விதி

சென்ற இதழில் என்னைப் பற்றி வெளிவந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை ஆசிரியர் குழு ஒரு துணிப்பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்து தந்தது. குறிப்பைப் படிக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை கற்றுக்கொண்டு, 1977இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்குப் போய், அங்கே லாட்ரோப் பள்ளத்தாக்கில் பழுப்பு நிலக்கரி எரிக்கும் மின்நிலையம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வயது 76. குடியுரிமை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஆண்டில் பாதி நாள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் தங்கை வீட்டு மாடியில் கழிகிறது. ஆகையால் கீழே உள்ளவற்றை ஒரு முதிய ஆஸ்திரேலியரின் கருத்துகளாகவே கொள்ள வேண்டுகிறேன்.

உலக அரசியலானாலும் வீட்டுக் காரியமானாலும் எனக்கு இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். நமக்கு வேண்டியவருக்குப் பொருந்தும் விதி, முகம் தெரியாதவருக்கும் அப்படியே பொருந்துகிறதா என்று பார்ப்பேன். கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: ஐயா, ஆஸ்திரேலியாவில் வாக்களிக்காவிட்டால் அபராதம் என்கிறார்கள். வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு குடிமகனின் சுதந்திரம் அல்லவா?
(பள்ளி ஆசிரியை, வில்லியனூர்)

பதில்: அம்மா, 1922 கூட்டாட்சித் தேர்தலில் அந்த நாட்டில் வாக்களித்தவர்கள் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. 1924இல் வாக்களிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றினார்கள்; மறு ஆண்டுத் தேர்தலிலேயே அது 91 விழுக்காட்டைத் தாண்டியது. தக்க காரணமின்றி வராதவருக்குக் கூட்டாட்சித் தேர்தலில் இன்று அபராதம் 20 டாலர். மெல்போர்னில் மூன்று நான்கு காப்பி குடிக்கும் காசு அது. அந்தக் காசுக்குப் பயந்து ஒரு தேசமே வரிசையில் நிற்காது. போய் நிற்பது பழகிவிட்ட கடமை என்பதால்தான் நிற்கிறார்கள். உள்ளே மறைப்புக்குப் பின்னால் ஒருவர் வெற்றுச் சீட்டையே மடித்துப் பெட்டியில் போட்டாலும் கேட்பாரில்லை, ஏனெனில் வாக்கு இரகசியமானது. எனவே நீங்கள் சொல்லும் சுதந்திரம் அங்கேயும் இருக்கிறது. வாசல் வரை வந்து அதைப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. இந்தச் சட்டம் குடிமகனைக் கட்டுவதைவிட அரசை அதிகமாகக் கட்டுகிறது. எல்லோரும் வாக்களித்தே தீரவேண்டும் என்று சொல்லிவிட்ட பிறகு, எல்லோரும் வாக்களிக்க வழிசெய்து தரும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்துவிடுகிறது. தேர்தல் சனிக்கிழமையில் நடக்கிறது. மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் பெட்டி தேடி வருகிறது. பாலை நிலத்துச் சிற்றூர்களுக்கு அலுவலர்கள் சிறு விமானத்தில் போகிறார்கள்.

நான் முதன்முதலில் வாக்களித்தது 1983 மார்ச் 5ஆம் தேதி, பாப் ஹாக் பிரதமரான தேர்தலில். ஒரு தொடக்கப்பள்ளியில் சாவடி. விரலில் மை வைப்பார்கள் என்று இடக்கையை நீட்டிக்கொண்டு போய் நின்றேன்; மேசையிலிருந்த அம்மையார் புரியாமல் பார்த்துவிட்டு, பட்டியலில் என் பெயர் மீது அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தார். அட்டைத் தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவருக்கு முத்திரை குத்திவிட்டு வரும் முறை அங்கே கிடையாது. வேட்பாளர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை எண் இட வேண்டும். நம் முதல் விருப்பம் கடைசி இடத்தில் வந்து நீங்கினால், அந்தச் சீட்டு இரண்டாம் விருப்பத்துக்குப் போகும். சிறிய கட்சிக்குப் போட்டால் வாக்கு வீணாகிவிடும் என்ற கவலை இல்லை. வாக்குக்குப் பணம் கொடுக்கும் பழக்கத்தைக் கட்டாய வாக்களிப்பு ஒழித்துவிடும் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன். ஆனால் இந்த விருப்ப வரிசை முறையை நம் ஊர் உள்ளாட்சித் தேர்தல்களிலாவது ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: பிள்ளைகள் பெற்றோரைக் கவனிக்காததால்தானே அந்த நாட்டில் அரசாங்கம் பென்ஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது?
(ஓய்வுபெற்ற எழுத்தர், லாஸ்பேட்டை)

பதில்: இந்தக் கேள்வியை ஐந்து பேர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். இது உண்மையில்லை என்று உறுதியாகச் சொல்வேன். முதியோர் ஓய்வூதியச் சட்டம் அங்கே 1908இல் வந்தது. அரசு வேலை பார்த்தவர், கூலி வேலை பார்த்தவர், வேலைக்கே போகாமல் பிள்ளை வளர்த்தவர் என்ற பாகுபாடு அதில் கிடையாது. இப்போது தகுதி வயது 67. வருமானத்தையும் சொத்தையும் கணக்கிட்டு, தேவைப்பட்டவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பணம் வங்கிக்கு வந்துவிடும். குடியிருக்கும் சொந்த வீட்டைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைத் தவிர 1992 முதல் ஒவ்வொரு முதலாளியும் தொழிலாளியின் பெயரில் கட்டாயச் சேமிப்பு செலுத்தி வருகிறார். அது 2025 ஜூலையிலிருந்து ஊதியத்தில் 12 விழுக்காடு ஆகியிருக்கிறது.

அங்கே எனக்கு அடுத்த வீட்டில் ஒரு விதவைத் தாய் இருந்தார். ஓய்வூதியம் வரும் நாளில் கடைத்தெருவுக்குப் போய், பேரப்பிள்ளைகளுக்கு எதையாவது வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மகளுக்குத் தொலைபேசியில் சொல்வார். மகள் வாரந்தோறும் வருவாள். தாய் கைநீட்டிக் கேட்கும் நிலை இல்லாததால், அவர்கள் இருவரும் சமையல், தோட்டம், பழைய கதைகள் என்று பேசிக்கொண்டிருந்ததைப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு இப்பாலிருந்து கேட்டிருக்கிறேன். இங்கேயோ, தேசிய சமூக உதவித் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதைக் கடந்தவருக்கு 500 ரூபாய். தமிழ்நாடு அரசு தன் பங்கையும் சேர்த்து 2023இல் தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தியது. அது நல்ல காரியம். ஆனால் அந்த 200 ரூபாயைப் பற்றி நாடாளுமன்றத்தில் யாராவது குரல் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன்.

அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. முதியோர் இல்லங்களின் நிலையை விசாரிக்க 2018இல் ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். மறு ஆண்டில் அது அளித்த இடைக்கால அறிக்கைக்கு இட்ட தலைப்பே ‘புறக்கணிப்பு’ என்ற ஒற்றைச் சொல்தான். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்குப் பார்க்கப்படாமல் விடப்பட்ட புண்கள், ஊட்டச்சத்துக் குறைவு, தேவையில்லாமல் கொடுத்த மயக்க மருந்துகள் ஆகியவற்றையெல்லாம் அந்த அறிக்கையில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பணம் கொடுப்பதில் கெட்டியான ஒரு நாடு பராமரிப்பில் தவறிப்போனது. இங்கே பராமரிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, பணம்தான் இல்லை.

கேள்வி: நிலக்கரியை உலகம் கைவிட்டால் நெய்வேலி என்னாகும்? நீங்கள் வேலை பார்த்த ஊரில் என்ன நடந்தது?
(ஒப்பந்தத் தொழிலாளி, நெய்வேலி; விவசாயி, சேத்தியாத்தோப்பு)

பதில்: இரண்டு பேரும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள், கேள்வி ஒன்றாக இருப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். 1977இல் மார்வெல் ஊருக்குப் போய் இறங்கிய அன்று, எனக்கு ஊர் மாறிய உணர்வே வரவில்லை. அதே பழுப்பு நிலக்கரி, அதே பிரமாண்டமான வாளிச் சக்கர இயந்திரங்கள், மழை பெய்தால் எழும் அதே ஈரக்கரி வாசனை. நெய்வேலிக் கரியில் ஏறத்தாழப் பாதி தண்ணீர் என்றால், அங்கே அதற்கும் மேல். கையில் எடுத்து அழுத்தினால் விரல் இடுக்கில் ஈரம் தெரியும். அந்த ஈரத்தை ஓட்டவே பெருமளவு வெப்பம் செலவாகிறது. ஒரே அளவு மின்சாரத்துக்குப் பழுப்புக் கரி கருங்கரியைவிட அதிகப் புகை விடுவதற்குக் காரணம் அதுதான்.

அந்தப் பள்ளத்தாக்கின் ஹேசல்வுட் நிலையம் 1,600 மெகாவாட் திறன் கொண்டது. 2014 பிப்ரவரியில் காட்டுத்தீ அதன் சுரங்கத்துக்குள் பாய்ந்து கரிப்படுகையே பற்றிக்கொண்டது. 45 நாள் எரிந்தது. மார்வெல் முழுவதும் சாம்பல் படிந்தது. ஜன்னல் விளிம்பில் ஈரத்துணி செருகிக்கொண்டு படுத்தோம். 2016 நவம்பர் தொடக்கத்தில், வரும் மார்ச்சில் நிலையம் மூடப்படும் என்று அறிவித்தார்கள். ஐந்தே மாத அவகாசம். தந்தையும் மகனுமாக ஒரே பணிமாற்றத்தில் வேலைக்குப் போய்வந்த குடும்பங்களை நான் அறிவேன். கடைசி நாளன்று வாயிற்கதவின் கம்பிகளில் தொழிலாளர்கள் தங்கள் தலைக்கவசங்களை மாட்டிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த ஐந்து மாதம் போதாது என்ற கூக்குரல் எழுந்ததால், பள்ளத்தாக்குக்கென்றே ஓர் அரசு அமைப்பை ஏற்படுத்தி, மறுபயிற்சிக்கும் வேறு நிலையங்களுக்கு வேலையை மாற்றித் தரவும் ஏற்பாடு செய்தார்கள். அடுத்து மூடப்படவிருக்கும் யல்லோர்ன் நிலையத்துக்கு 2028 என்று பல ஆண்டுகளுக்கு முன்பே நாள் குறித்தாயிற்று. தம்பி, ஒப்பந்தத் தொழிலாளியான நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நாள் குறிக்கும்போது, நிரந்தரத் தொழிலாளியின் பெயர் இருக்கும் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்குமா? நான் வேலை கற்றுக்கொண்ட, சோவியத் உதவியோடு கட்டப்பட்ட நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இது பேரப்பிள்ளைகள் காலத்துப் பேச்சு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

சேத்தியாத்தோப்பு நண்பருக்கு ஒரு சொல். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்கத்துக்காகக் கதிர் பிடிக்கும் பயிர் மீது இயந்திரங்கள் இறங்கிய படத்தை மெல்போர்னில் இருந்தபடி பார்த்தேன். நிலம் முறைப்படி எடுக்கப்பட்டதா, இழப்பீடு எவ்வளவு என்ற வாதங்களுக்குள் நான் போகவில்லை. அறுவடை வரை பொறுத்திருப்பது ஒரு விவசாயிக்கு நாம் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. கரி கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்குள் காத்திருக்கிறது, இன்னும் சில வாரம் காத்திருக்கும்.

கேள்வி: புதுச்சேரி மின்துறையைத் தனியாரிடம் கொடுப்பது பற்றி?
(மின்துறை ஊழியரின் மகள், முதலியார்பேட்டை)

பதில்: ஒன்றியப் பகுதிகளின் மின்விநியோகத்தைத் தனியார்மயமாக்கும் முடிவு 2020இல் அறிவிக்கப்பட்டது, 2022இல் உங்கள் தந்தையும் வேலைநிறுத்தத்தில் இருந்திருப்பார். விக்டோரியா மாநிலம் தன் மின்வாரியத்தை 1990களில் துண்டு துண்டாகப் பிரித்து விற்றது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான வேலைகள் போயின. பயிற்சி மாணவர்களைச் சேர்ப்பது நின்றது. வீட்டுக்கு வீடு இருந்த மின்தொழிலாளர் பரம்பரை அற்றுப்போனது. கட்டணம் குறையும் என்ற பேச்சு பேச்சாகவே நின்றது. அதே மாநிலத்தில் 2022 தேர்தலின்போது அந்தப் பழைய மின்வாரியத்தை அதே பெயரில் திரும்பக் கொண்டுவருவோம் என்று ஆளுங்கட்சி வாக்குறுதி அளித்து வென்றது. விற்பது எளிது, திரும்ப வாங்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது என்பதை நான் வாழ்ந்து பார்த்தவன்.

கேள்வி: அமெரிக்கா போகும் போர்களுக்கெல்லாம் ஆஸ்திரேலியாவும் ஏன் பின்னாலேயே போகிறது? அணு நீர்மூழ்கி ஒப்பந்தத்தை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?
(கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்)

பதில்: தம்பி, நம் தமிழில் இருக்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். எதற்கும் துணிந்தவனை ‘சரியான எம்டன்’ என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. அந்தக் கப்பலை அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே அடித்து முடித்தது ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். தங்களைக் காக்கப் பெரிய வல்லரசு ஒன்று வேண்டும், அதற்கு ஈடாக அதன் போர்களில் நாமும் நிற்க வேண்டும் என்பது அன்று முதல் அந்த நாட்டின் நம்பிக்கை. அந்த வல்லரசு முதலில் பிரிட்டன். 1942இல் சிங்கப்பூர் விழுந்த பிறகு அமெரிக்கா. 1951இல் ஒப்பந்தமே போட்டுக்கொண்டார்கள். வியட்நாமில் 500க்கு மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் மாண்டார்கள். 2003இல் ஈராக் போருக்கு எதிராக மெல்போர்ன் வீதிகளில் நடந்த பேரணியில் நானும் நடந்தேன். அடுத்த மாதமே படைகள் போரில் இறங்கிவிட்டன. இல்லாத ஆயுதங்களைச் சொல்லித் தொடங்கப்பட்ட அந்தப் போரை இன்றும் நான் மன்னிக்கவில்லை.

சிங்கப்பூர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. அங்கே பிடிபட்ட ஆஸ்திரேலிய வீரர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர்களில் சுமார் 2,800 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 25ஆம் தேதியும் மார்வெலில் விடியலுக்கு முன் இருட்டில் கூடி அவர்களையும் நினைப்போம். குளிரில் யாரும் பேசமாட்டார்கள், கொம்பு ஊதும் ஓசை மட்டும் கேட்கும். தாய்லாந்தில் காஞ்சனபுரிக் கல்லறைக்குப் போனேன். புல்தரையில் வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள். பெயர், வயது, படைப்பிரிவு, வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரி. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஆஸ்திரேலியர்களைவிடப் பல மடங்கு. வாந்திபேதியில் விழுந்தவர்களை அங்கங்கே காட்டிலேயே புதைத்துவிட்டுப் பாதை மேலே போனது. அவர்களுக்கு அந்தப் புல்தரையில் ஒரு பலகை இல்லை. நான் அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. காவலர் வந்து நீர் கொடுத்தார். என் தாத்தா வழியில் ஒருவர் மலாயாவுக்குப் போய்த் திரும்பவில்லை என்பது எங்கள் வீட்டில் பாதி வாக்கியமாகவே பேசப்பட்டு வந்த செய்தி. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் முதல் உலகப்போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. சொல்தா என்று நாம் சொல்லும் பிரெஞ்சுப் படைவீரர்களின் குடும்பங்களுக்குப் போய் நிற்க ஓர் இடமாவது இருக்கிறது. இரயில் பாதைத் தமிழர்களுக்கு நம் கடற்கரையில் ஒரு கல்லாவது நட வேண்டும் என்பதே இந்தப் பத்தியில் நான் வைக்கும் ஒரே கோரிக்கை.

நீர்மூழ்கி பற்றி: 2021 செப்டம்பரில் பிரான்சுடன் செய்திருந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, அமெரிக்கா, பிரிட்டனுடன் புது ஒப்பந்தம் அறிவித்தார்கள். பாரிஸ் தன் தூதரைத் திரும்ப அழைத்தது. இழப்பீடாகப் பிரெஞ்சு நிறுவனத்துக்கு ஏறத்தாழ 83 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. புதுத் திட்டத்துக்கு 2050களின் நடுப்பகுதி வரை ஆகும் செலவு 36,800 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகலாம் என்று அரசே மதிப்பிட்டிருக்கிறது. நான் ஆதரிக்கவில்லை. கொடுத்த வாக்கை ஒரு நண்பனிடம் அப்படி முறிப்பது தவறு. முதியோர் இல்லத்தில் செவிலியர் பற்றாக்குறை இருக்கும் நாடு அவ்வளவு பணத்தைக் கடலுக்கடியில் போடுவது அதைவிடத் தவறு. சீனாவைப் பற்றிய அச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அச்சத்துக்கு இந்தோனேசியாவும் இந்தியாவுமே நல்ல மருந்து என்று நினைக்கிறேன். அண்டை வீட்டாரோடு பேசாமல் கோட்டை கட்டுகிறவர் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

கேள்வி: அமெரிக்கா வரியை ஏற்றியதால் இறால் தொழிலில் எங்களுக்கு வேலை குறைந்துவிட்டது. இதுபோல் வேறு நாடுகளுக்கும் நடந்திருக்கிறதா?
(இறால் உரிக்கும் நிலையத் தொழிலாளி, கடலூர்)

பதில்: நடந்திருக்கிறது, அம்மா. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடானபோது உங்கள் கைகளைத்தான் முதலில் நினைத்தேன். 2020இல் கொரோனாவின் தோற்றம் பற்றி விசாரணை வேண்டும் என்று ஆஸ்திரேலியா கேட்டது. உடனே சீனா ஆஸ்திரேலிய பார்லி மீது 80 விழுக்காட்டுக்கு மேல் வரி போட்டது. பிறகு ஒயின் மீது. நவம்பரில் உயிருள்ள சிங்க இறால் வாங்குவதையே நிறுத்தியது. அந்தக் கிறிஸ்துமசுக்கு, வழக்கமாக எங்களைப் போன்றவர்கள் தொட்டுப் பார்க்காத சிங்க இறால் சாதாரணக் கடைகளில் மலிவாகக் குவிந்து கிடந்தது. வாங்கியவர்களுக்கு மகிழ்ச்சி, பிடித்தவர்களுக்குக் கண்ணீர். பார்லிக்காரர்கள் வேறு நாடுகளைத் தேடிப் பிழைத்தார்கள். சிங்க இறால் விற்ற கரையோர மீனவர்கள் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்ததால் அதிகம் நொந்தார்கள். 2024 கடைசியில்தான் சீனா மறுபடி கதவைத் திறந்தது. ஆகவே உங்கள் முதலாளிகளும் அரசும் ஜப்பான், ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று சந்தையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதுவரை உரித்த கிலோவுக்குக் கூலி வாங்கும் பெண்களுக்கு வேலையில்லா நாள்களுக்கு ஒரு நிவாரணம் தேவை. வரி யாரோ போட்டது. பட்டினி உங்கள் வீட்டில் என்பது நியாயமாகாது.

கேள்வி: நான் இங்கேயே பிறந்தவன். இன்னும் நான் அகதி. உங்கள் நாடாவது எங்களை மனிதராக மதிக்கிறதா?
(மறுவாழ்வு முகாம் இளைஞர், கீழ்ப்புத்துப்பட்டு)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 1976இல் வியட்நாமிலிருந்து தப்பிவந்தவர்களின் முதல் படகு டார்வின் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த ஆண்டுகளில் வந்த பல்லாயிரம் பேரை அன்றைய ஃபிரேசர் அரசு ஏற்றுக்கொண்டது. வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்று 1901 முதல் இருந்த கொள்கை முற்றாக விலக்கப்பட்ட 1973க்குப் பிறகு சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. என்னோடு கொதிகலன் பகுதியில் வேலை பார்த்த ஒருவர் அப்படிப் படகில் வந்தவர். அவர் மகள் இன்று மருத்துவர்.

அதே நாடு 2001இல், கடலில் மூழ்கவிருந்த நானூற்றுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றி வந்த ‘டாம்பா’ என்ற நார்வே கப்பலைக் கரையணைய விடாமல் படைவீரர்களை ஏற்றியது. பின்னர் நவ்ரு தீவில் முகாம். 2013 ஜூலைக்குப் பிறகு படகில் வந்தவர் எவருக்கும் ஆஸ்திரேலியாவில் குடியேற்றம் இல்லை என்ற அறிவிப்பு. ஈழத்துக் கடலைத் தாண்டி வந்த நம் மக்களும் அந்தக் கதவில் மோதி நின்றார்கள். 2009க்குப் பிறகு எத்தனை கோயில் மண்டபங்களில், எத்தனை பேருக்கு விண்ணப்பப் படிவம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. கட்சி மாறியது, கொள்கை மாறவில்லை. இது என் நாட்டின் மீது நான் சுமக்கும் வெட்கம்.

இந்தியா 1951 அகதிகள் உடன்பாட்டில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. தமிழ்நாடு அரசு 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகளும் கட்டித் தருகிறது. பெயர் மாறியது நல்லது. ஆனால் இந்த மண்ணில் பிறந்து, இங்கே பள்ளியில் தேசிய கீதம் பாடி, இங்கே வேலை பார்க்கும் ஒருவருக்குக் குடியுரிமை கொடுக்காமல் இருக்க எனக்குத் தெரிந்து நியாயமான காரணம் ஒன்றுகூட இல்லை. அந்நிய நாட்டில் மூன்றே ஆண்டு குடியிருந்த எனக்கு 1980இல் குடியுரிமை கொடுத்தார்கள். நீங்கள் உங்கள் ஆயுள் முழுவதும் இங்கே இருக்கிறீர்கள்.

கேள்வி: 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகத் தடை சரியா?
(இரண்டு பிள்ளைகளின் தாய், நெல்லிக்குப்பம்)

பதில்: சரி என்றே நினைக்கிறேன். 2025 டிசம்பர் 10 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. கணக்கு வைத்துக்கொள்ள விட்ட நிறுவனத்துக்குத்தான், ஏறத்தாழ 5 கோடி டாலர் வரை. பிள்ளைகள் ஏமாற்றி உள்ளே போகத்தான் செய்வார்கள். என் பேரனும் முயன்றான். ஆனாலும் ‘வகுப்பில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்’ என்று கெஞ்சும் பிள்ளையிடம் தனியாகப் போராடிய தாய்க்கு இப்போது சட்டம் துணையாக நிற்கிறது.

கேள்வி: அங்கே கற்றுக்கொண்டு இங்கேயும் விடாமல் செய்யும் பழக்கம் ஏதேனும் உண்டா?
(நடத்துநரின் மனைவி, பாகூர்)

பதில்: உண்டு. ஆஸ்திரேலியாவில் பேருந்திலிருந்து இறங்குகிறவர் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார். பள்ளிப்பிள்ளை, கிழவி, குடித்துவிட்டு ஏறியவர், எல்லோரும் சொல்வார்கள். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வாரம் ஒருமுறை பேருந்தில் போகிறேன். மஞ்சக்குப்பத்தில் என் பள்ளித் தோழர் ஒருவர் படுக்கையில் இருக்கிறார், அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்ட. முதல் நாள் இறங்கும்போது நடத்துநரிடம் “நன்றி தம்பி” என்றேன். பயணச்சீட்டுக்குப் பாக்கிச் சில்லறை கேட்கிறேன் என்று நினைத்துத் தோல்பைக்குள் கையை விட்டார். இல்லை, சும்மாதான் சொன்னேன் என்றதும் ஒன்றும் பேசாமல் விசில் கொடுத்தார். நான்காவது வாரம் என்று நினைக்கிறேன், கூட்டம் நெருக்கியடித்த நாள். படியில் நின்றவர்களை விலக்கி, “பெரியவர் இறங்கட்டும், அவசரம் இல்லை” என்று சொல்லிவிட்டு, என் இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் விசிலை வாயில் வைத்தார்.